12 கணினிகளும் ஒரு காகித ஆலையும்

2010 ஜனவரி. சைபீரியாவின் இர்குட்ஸ்க் நகரம். பொழுது சாயும் நேரத்தில் ‘பைக்கால் சூழலியல் அலை’ என்ற அமைப்பின் அலுவலகத்துக்குள் மஃப்டி போலீஸார் நுழைந்தார்கள். அங்கிருந்தவர்களிடம் பேச்சு வளர்க்கவில்லை. நேராகக் கணினிகளிடம் போனார்கள். திரும்பும்போது 12 கணினிகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பைக்கால் ஏரிக்காக ஒரு தலைமுறைக் காலம் நடந்த போராட்டத்தின் கோப்புகளும் அவற்றோடு போயின.

சொல்லப்பட்ட காரணம் திருட்டு மென்பொருள். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் மென்பொருள்களை முறையாக வாங்கித்தான் போட்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டுமாம்.

அமைப்பினர் வாங்கியதற்கான பில்லை எடுத்துக் காட்டினார்கள். என்றாவது ஒரு நாள் இப்படி வருவார்கள் என்று தெரிந்து, அந்தச் சாக்கு கிடைத்துவிடக் கூடாது என்பதற்காகவே உரிமம் உள்ள மென்பொருளாகப் பார்த்து வாங்கியவர்கள் அவர்கள். பில் இருந்தும் கணினிகள் போயின.

இந்த நிகழ்வை நான் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பதற்கு அந்தப் பில்தான் காரணம். மென்பொருள் திருட்டு பற்றி நம்மிடையே நடக்கும் வாதம் எப்போதும் ஒரே தடத்தில்தான் ஓடும். காப்பி அடிப்பது திருட்டா இல்லையா, விண்டோஸ் விற்கிற விலைக்கு ஏழை நாட்டுக்காரன் வாங்க முடியுமா, இதனால் பில் கேட்ஸுக்கு என்ன குறைந்துவிடும்... இர்குட்ஸ்கில் இந்த வாதத்துக்கே வேலை இல்லை. வாங்கியவர் காசைக் கொடுத்துவிட்டார், விற்றவர் வாங்கிக்கொண்டுவிட்டார். அப்படியானால் போலீஸ் யாருக்காக வந்தது?

ஏரியும் ஆலையும்

பைக்கால் உலகிலேயே ஆழமான ஏரி. 1,642 மீட்டர். பனியாக உறைந்து கிடக்காத நன்னீரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இந்த ஒரு ஏரிக்குள் இருக்கிறது. 1996இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. ஏரியின் தென்கரையில், பைக்கால்ஸ்க் என்ற ஊரில், 1966இல் சோவியத் அரசு ஒரு காகிதக்கூழ் ஆலையைத் திறந்தது. குளோரினால் கூழை வெளுத்து, கழிவு நீரை ஏரியிலேயே விட்டது. ஏரிக்குள் விட முடியாத லிக்னின் சகதியை, அதாவது மரத்திலிருந்து கூழ் எடுத்தபின் மிஞ்சும் கழிவை, கரையோரக் குளங்களில் தேக்கியது. அது மட்டுமே 60 லட்சம் டன்னுக்கு மேல்.

சோவியத் ஒன்றியம் உடைந்த காலத்தில் பிறந்த ‘அலை’ இந்த ஆலையோடு ஏறக்குறைய 20 ஆண்டு மல்லுக்கட்டியது. அதை நிறுவியவர்களில் ஒருவர் மரீனா ரிக்வானோவா. 2008இல் கோல்ட்மேன் சூழலியல் விருது பெற்றவர். அந்த விருதுக்கு முக்கியக் காரணம் ஆலை எதிர்ப்பு அன்று, எண்ணெய்க் குழாய். கிழக்கு சைபீரியாவிலிருந்து பசிபிக் கடற்கரைக்குப் போகும் குழாயை ஏரிக்கரைக்கு ஒட்டினாற்போலப் பதிக்கத் திட்டம் போட்டிருந்தார்கள். இர்குட்ஸ்கில் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். 2006 ஏப்ரலில் தோம்ஸ்க் நகரில் நடந்த கூட்டத்தில், தொலைக்காட்சிக் கேமராக்களின் முன்னிலையில், புதின் ஒரு பேனாவை எடுத்து வரைபடத்தில் கோடு கிழித்துக் குழாயை ஏரியிலிருந்து குறைந்தது 40 கிலோமீட்டர் தள்ளிப் போடச் சொன்னார். இதை மறக்கக் கூடாது. நான்கு ஆண்டு முன்பு இதே அமைப்பு இதே ஆளிடம் ஜெயித்திருக்கிறது.

ஆலை 2008 அக்டோபரில் நின்றது. கழிவு நீரை ஏரியில் விடாமல் உள்ளேயே சுழற்ற வேண்டும் என்று நெருக்கியதும் வெளுத்த கூழ் செய்ய முடியாமல் போய், நஷ்டக் கணக்கு காட்டிக் கதவை மூடினார்கள். ஆனால் பைக்கால்ஸ்க் ஆலையை நம்பிப் பிறந்த ஊர். வேறு பிழைப்பு கிடையாது. 2009இல் சம்பளப் பாக்கி கேட்டுத் தொழிலாளர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். அதே ஆண்டு ஜூனில், ரஷ்யாவின் வேறொரு மூலையில், பிக்கால்யோவோ என்ற ஒற்றைத் தொழிற்சாலை ஊரில் ஜனங்கள் சம்பளம் கேட்டு நெடுஞ்சாலையை மறித்தார்கள். புதின் நேரில் போய், முதலாளி ஒலெக் டெரிபாஸ்காவைக் கேமரா முன்னால் கூப்பிட்டு, பேனாவைக் கொடுத்துக் கையெழுத்துப் போட வைத்தார். பைக்கால்ஸ்க் ஆலையின் 51 சதவீதப் பங்கு அதே டெரிபாஸ்காவின் குழுமத்திடம் இருந்தது. மீதி 49 அரசிடம். இன்னொரு பிக்கால்யோவோ வந்துவிடுமோ என்ற பயம் மாஸ்கோவுக்கு இருந்ததில் ஆச்சரியமில்லை. ஆகவே ஆலையைத் திறக்கும் முடிவில் வெறும் முதலாளி விசுவாசத்தை மட்டும் பார்ப்பது முழுக் கதை ஆகாது. பசித்த தொழிலாளியும் அதில் இருக்கிறார்.

2009 ஆகஸ்டில் புதின் ஒரு சிறிய நீர்மூழ்கியில் பைக்காலின் அடி ஆழத்துக்கு இறங்கிப் பார்த்துவிட்டு, ஏரி நன்றாகத்தான் இருக்கிறது என்கிற தொனியில் பேசினார். 2010 ஜனவரி 13 அன்று, ஏரியைச் சுற்றிய பாதுகாப்பு மண்டலத்தில் தடை செய்யப்பட்ட தொழில்களின் பட்டியலிலிருந்து கூழ் உற்பத்தியை நீக்கும் அரசாணையில் கையெழுத்திட்டார். ‘அலை’ போராட்டத்துக்கு ஆள் திரட்டத் தொடங்கியது. அந்த மாதம் முடிவதற்குள் மஃப்டி ஆட்கள் வந்துவிட்டார்கள். பிப்ரவரி 13 அன்று இர்குட்ஸ்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கூடி ஆலைக்கு எதிராகப் பேரணி நடத்தியபோது அதன் அமைப்பாளர்களிடம் சொந்தக் கணினி இல்லை.

தேதிகளை வரிசையாக வைத்தால் போதும், நோக்கம் தானே தெரியும் என்று சொல்லிவிடலாம். நீதிமன்றத்தில் அது நிற்காது. ‘இரண்டுக்கும் தொடர்பில்லை, எங்களுக்கு வந்த புகாரை விசாரித்தோம்’ என்று போலீஸ் சொன்னால் முடிந்தது. ஆகவே சட்டத்தையே கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

146

ரஷ்யக் குற்றவியல் சட்டத்தின் 146ஆம் பிரிவு பதிப்புரிமை மீறலைக் குற்றமாக்குகிறது. அன்றைய நிலவரப்படி மீறலின் மதிப்பு 50,000 ரூபிளைத் தாண்டினால் ‘பெரும் அளவு’, கிரிமினல் வழக்கு. இரண்டரை லட்சத்தைத் தாண்டினால் ‘மிகப் பெரும் அளவு’. அதற்கான தண்டனையின் உச்சவரம்பு 5 ஆண்டாக இருந்தது. 2007இல் 6 ஆக்கினார்கள். ஒரு வருஷம்தானே கூடியது என்று நினைக்க வேண்டாம். உச்ச தண்டனை 5 ஆண்டைத் தாண்டினால் ரஷ்யாவில் அந்தக் குற்றம் ‘கடுமையான குற்றம்’ என்ற வகைக்குள் போய்விடும்.

50,000 ரூபிள் என்பது அன்றைய மதிப்பில் சுமார் 1,650 டாலர். 12 கணினிகளுக்கு வகுத்துப் பாருங்கள். ஒன்றுக்கு 4,166 ரூபிள். கடையில் பெட்டியாக விற்ற விண்டோஸும் ஆஃபீஸும் சேர்ந்தால் இந்தத் தொகையைச் சுலபமாகத் தாண்டிவிடும். அதாவது, பத்துப் பன்னிரண்டு கணினி வைத்திருக்கும் எந்தச் சின்ன அலுவலகமும் காகிதத்தைச் சரியாகக் காட்டாவிட்டால் கிரிமினல் வாசலில்தான் நிற்கிறது. வரம்பு அங்கே போடப்பட்டிருந்தது. பத்தாயிரம் குறுந்தகடு அச்சடித்துச் சந்தையில் கொட்டுகிற ஆசாமியும், விண்டோஸ் போட்டுக் கடிதம் அடிக்கிற தன்னார்வ அமைப்பும் அதற்குள் ஒன்றாக விழுந்தார்கள்.

மதிப்பை யார் கணக்கிடுவது? மென்பொருள் விற்பனையாளர்களின் கூட்டமைப்பு ஒன்று விலைப்பட்டியல் புத்தகம் வெளியிட்டுக்கொண்டிருந்தது. விசாரணை அதிகாரிகள் அதைப் பார்த்து நஷ்டத்தைக் கூட்டுவார்கள். உரிமையாளர் நிறுவனத்தின் உள்ளூர் வக்கீல் ‘ஆமாம், எங்களுக்கு இவ்வளவு நஷ்டம்’ என்று எழுதிக் கொடுப்பார். பாதிக்கப்பட்ட தரப்பு தயார்.

இவ்வளவு இறுக்கமான சட்டம் எங்கிருந்து வந்தது? ரஷ்யப் போலீஸ் தானாக யோசித்துக் கேட்டது அன்று. அமெரிக்காவின் 1988ஆம் ஆண்டு வர்த்தகச் சட்டத்தில் ‘சிறப்பு 301’ என்று ஒன்று உண்டு. அறிவுசார் சொத்துரிமையைச் சரியாகக் காக்காத நாடுகளுக்கு ஆண்டுதோறும் பட்டியல் போடுவார்கள். ரஷ்யா ஆண்டுக்கணக்காக அதில் மேல் வரிசையில் இருந்தது. உலக வர்த்தக அமைப்பில் சேர வேண்டுமானால் அமெரிக்காவின் சம்மதம் வேண்டும். 2006 நவம்பரில் ஹனோயில் இரு நாடுகளும் ஒப்பந்தம் போட்டபோது, திருட்டுத் தகடு அடிக்கும் ஆலைகளை மூடுவது, இணையத் திருட்டைத் தடுப்பது, தண்டனையைக் கூட்டுவது என்று தனிக் கடிதமே இணைத்தார்கள். அடுத்த மாதமே, அறிவுசார் சொத்துரிமையைப் பற்றிய சிவில் சட்டத்தின் நான்காம் பகுதி நிறைவேறியது. சில மாதத்தில் அந்த 6 ஆண்டுத் தண்டனை வந்தது.

வாஷிங்டனின் நோக்கம் வியாபாரம். மாஸ்கோவின் நோக்கம் உறுப்பினர் அட்டை. இரண்டிலும் பேச்சுரிமை என்ற சொல்லுக்கு இடமே வரவில்லை. ஆதரிக்கவும் இல்லை, எதிர்க்கவும் இல்லை. சட்டத்தைக் கேட்டு வாங்கியவர்களுக்கும் எழுதியவர்களுக்கும் வராத யோசனை அதைக் கையில் வைத்திருந்த மாவட்டப் போலீஸுக்கு வந்தது.

வந்ததற்கு ஒரு எண் காரணம். மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பான பி.எஸ்.ஏ. ஆண்டுதோறும் வெளியிட்ட மதிப்பீட்டின்படி ரஷ்யாவில் 2004இல் 87 சதவீத மென்பொருள் திருட்டு. 2009இல் 67. நிறுவனங்களே எடுத்த கணக்கு என்பதால் கொஞ்சம் சந்தேகத்தோடே எடுத்துக்கொள்ளலாம். பாதியாகக் குறைத்தாலும், தெருவில் கண்ணை மூடிக்கொண்டு கல்லெறிந்தால் மூன்று அலுவலகத்துக்கு ஒன்றில் குற்றவாளி மீது விழும். எல்லோரும் மீறுகிற சட்டம் கையில் இருந்தால் யாரைப் பிடிப்பது என்பது மட்டும்தான் கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் சட்டப் புத்தகத்தில் இருக்காது. ஆளும் தரப்பை ஆதரித்த அமைப்புகளிலோ பத்திரிகைகளிலோ மென்பொருள் சோதனை நடந்ததாக அனேகமாகச் செய்தியே இல்லை.

நம் ஊர்ச் சட்டத்தையும் ஒரு நிமிடம் பார்த்துவிடலாம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994இல் சேர்த்த 63பி பிரிவு, திருட்டு மென்பொருள் என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்துகிறவருக்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. வியாபார லாபத்துக்காக இல்லையென்றால் சிறையைத் தவிர்த்து அபராதத்தோடு விட நீதிமன்றத்துக்கு இடமுண்டு. 64ஆம் பிரிவின்படி சப்-இன்ஸ்பெக்டர் அந்தஸ்தில் இருக்கும் எந்த அதிகாரியும் வாரண்ட் இல்லாமலே மீறல் பிரதிகளைக் கைப்பற்றலாம். ‘தெரிந்தே’ என்ற ஒரு சொல் இங்கே கொஞ்சம் காவல் நிற்கிறது. கைப்பற்றும் கட்டத்தில் அந்தச் சொல்லை யார் சோதிப்பார்கள் என்பது வேறு விஷயம்.

ஸ்டிக்கர்

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சின்ன அலுவலகத்தின் கணினிகள் என் பொறுப்பில் இருந்தன. எல்லா மென்பொருளுக்கும் உரிமம் இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டார்கள். இருக்கிறது என்று தைரியமாகச் சொல்லிவிட்டு அலமாரியைத் திறந்தேன். மூன்று மடிக்கணினிகளைக் கவிழ்த்துப் பார்த்தால், அடியில் ஒட்டியிருந்த மைக்ரோசாஃப்ட் ஸ்டிக்கர் சூட்டிலும் உரசலிலும் வெளுத்துப்போய், உரிமக் குறியீடு ஐந்தைந்தாக 25 எழுத்தில் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறக் கறைதான் இருந்தது. ஒன்றுக்குப் பில் இருந்தது, பெட்டி இல்லை. இன்னொன்றுக்குப் பெட்டி இருந்தது. பில் பழைய ஆடிட்டரிடம். எல்லாமே காசு கொடுத்து வாங்கியவை. ஆனால் அன்று மாலை ஆறு மணி வரை நான் உட்கார்ந்து செய்தது, நான் திருடன் இல்லை என்று நிரூபிக்கிற வேலை.

இர்குட்ஸ்க் வழக்கின் நுட்பம் இங்கேதான். பணம் வைத்திருந்தால் ‘எங்கே திருடினாய்’ என்று கேட்பவர்தான் நிரூபிக்க வேண்டும். மென்பொருள் வைத்திருந்தால், திருடவில்லை என்பதற்கு நாம் காகிதம் காட்ட வேண்டும். காட்டுகிற காகிதம் சரியானதுதானா என்பதை நிபுணர்தான் சொல்ல முடியும். நிபுணர் பார்க்க வேண்டுமானால் கணினியை எடுத்துப்போக வேண்டும். நிபுணரின் அறிக்கை வர மாதங்கள் ஆகலாம்; அதற்கு அவசரம் யாருக்கும் கிடையாது.

முடிவில் ‘எல்லாம் சரியாக இருக்கிறது’ என்று சொல்லி இயந்திரத்தைத் திருப்பிக் கொடுத்தாலும், கொடுக்க வேண்டிய தண்டனை கொடுத்தாயிற்று. உறுப்பினர் பட்டியல், நன்கொடையாளர் முகவரி, மின்னஞ்சல், பேரணிக்கான திட்டம், பாதி எழுதிய அறிக்கை எல்லாம் போலீஸ் மேசையில் இத்தனை நாள் இருந்துவிட்டது. பேரணித் தேதியும் போய்விட்டது. விண்டோஸுக்குப் பதிலாக, யாரும் உரிமக் கட்டணம் இல்லாமல் பயன்படுத்தக்கூடிய லினக்ஸைப் போட்டிருந்தால் தப்பித்திருக்கலாமே என்று கட்டற்ற மென்பொருள் நண்பர்கள் சொல்வார்கள். விலைப்பட்டியலில் கூட்டுவதற்கு ஒன்றும் இருக்காது என்பது உண்மை. ஆனால் உள்ளே லினக்ஸ்தான் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளவும் கணினியை எடுத்துப்போகத்தானே வேண்டும்?

இது புதுசும் இல்லை. 1557இல் இங்கிலாந்து அரசி மேரி, லண்டன் புத்தக வியாபாரிகளின் சங்கத்துக்கு ஒரு சாசனம் கொடுத்தார். அச்சடிக்கும் ஏகபோகம் சங்கத்துக்கு. பதிலுக்கு, அனுமதியில்லாத அச்சுக்கூடங்களைத் தேடிப் பிடித்துப் பறிமுதல் செய்யும் வேலையும் சங்கத்துக்கு. வியாபாரிக்கு வேண்டியது போட்டியில்லாத சந்தை. அரசிக்கு வேண்டியது மதத்துக்கும் ராஜ்யத்துக்கும் எதிரான துண்டறிக்கை வராமலிருப்பது. ஒரே சோதனையில் இரண்டு பேருக்கும் காரியம் ஆயிற்று. அந்த ஏற்பாட்டின் கடைசி அவதாரமான உரிமச் சட்டம் 1695இல் காலாவதியாகி, 1710இல் ஆன் அரசியின் காலத்துச் சட்டம் வந்த பிறகுதான் பதிப்புரிமை எழுத்தாளருக்கானது என்ற பேச்சே தொடங்கியது. இர்குட்ஸ்க் போலீஸ் இந்த வரலாற்றைப் படித்திருக்க வாய்ப்பில்லை. தேவையும் இல்லை.

சேபிச் தலைமையாசிரியர்

‘அலை’க்கு முன்பே இந்தக் கருவியின் கூர்மை தெரிந்துபோயிருந்தது, ஆனால் வேறு விதமாக. பெர்ம் பகுதியில் சேபிச் என்ற கிராமம். அங்கே அலெக்சாந்தர் பொனோசொவ் பள்ளித் தலைமையாசிரியர். பள்ளியின் கணினிகளில், தற்செயலாக அங்கேயும் 12தான், திருட்டு விண்டோஸ் இருந்தது என்று 2006இல் வழக்கு. சப்ளை செய்தவர்களே போட்டுக் கொடுத்தது, எனக்குத் தெரியாது என்றார் அவர். நஷ்டம் 2 லட்சத்து 66 ஆயிரம் ரூபிளுக்கு மேல் என்று கணக்குக் காட்டினார்கள். இரண்டரை லட்ச வரம்பை இது தாண்டுகிறது என்பதைக் கவனியுங்கள். கிராமத்துப் பள்ளி வாத்தியார் ‘மிகப் பெரும் அளவு’ குற்றவாளி ஆனார். 5 ஆண்டு சிறை தலைக்கு மேல் தொங்கியது.

பொனோசொவ் அரசியல்வாதி இல்லை, போராளி இல்லை. யாரையும் எதிர்க்கவில்லை. திருட்டை ஒழிக்கிறோம் என்று மேலிடத்துக்குக் கணக்குக் காட்ட ஆள் தேவைப்பட்டது. தப்பி ஓடத் தெரியாத ஆள் கிடைத்தார். கோர்பச்சேவ் 2007 பிப்ரவரியில் பில் கேட்ஸுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதி, மன்னித்து விடுங்கள் என்று கேட்டார். வழக்கு போட்டது நாங்கள் இல்லை, ரஷ்ய அரசு வழக்கறிஞர் என்றது மைக்ரோசாஃப்ட். அந்த மாதம் பத்திரிகையாளர் சந்திப்பில் கேட்டபோது புதினே, எங்கேயோ கணினி வாங்கிய மனிதனைப் பிடித்து ஜெயிலில் போடுவோம் என்று மிரட்டுவது அபத்தம் என்றார். கீழ் நீதிமன்றம் அற்ப விஷயம் என்று தள்ளியது. அரசுத் தரப்பு விடாமல் மேலே போனது. மே மாதம் 5,000 ரூபிள் அபராதம் விழுந்தது. பிறகு அவர் கட்டற்ற மென்பொருளுக்கான மையம் ஒன்றைத் தொடங்கினார். பள்ளிகளில் கட்டற்ற மென்பொருளைப் பரிசோதிக்க அரசு தேர்ந்தெடுத்த மூன்று பகுதிகளில் பெர்மும் ஒன்று.

ஆக, 2007 பிப்ரவரியிலேயே நாட்டின் தலைவர் வாயால் ‘அபத்தம்’ என்று சொல்லியாயிற்று. அந்த அபத்தம் மூன்றே மாதத்தில் சமாராவுக்குப் போய்ச் சேர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியத் தலைவர்களோடு புதின் சந்திக்கும் உச்சி மாநாடு அங்கே. எதிர்க்கட்சியினரின் பேரணியும் அங்கே. நோவயா கஸேத்தா செய்தித்தாளின் சமாராப் பதிப்பில் மென்பொருள் சோதனை நடந்து கணினிகள் போயின. நவம்பரில் இன்னொரு முறை வந்தார்கள். பதிப்பு நின்றது. அந்த இதழைத் தடை செய்கிறோம் என்று எந்த அதிகாரியும் ஒரு வரி எழுதவில்லை. ரஷ்ய அரசியல் சாசனத்தின் 29ஆவது பிரிவு ‘தணிக்கை தடை செய்யப்படுகிறது’ என்று ஐயத்துக்கிடமில்லாமல் சொல்கிறது. யாரும் தணிக்கை செய்யவில்லையே, விண்டோஸைத்தானே சோதித்தார்கள்.

எல்லை தாண்டியும் போயிற்று. 2010 ஏப்ரல் 1 அன்று கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கில் ஸ்டான் டி.வி. என்ற இணையத் தொலைக்காட்சியின் அலுவலகத்தை இதே காரணம் சொல்லி மூடினார்கள். ஆறு நாளில் அந்த நாட்டின் ஆட்சியே கவிழ்ந்தது என்பது வேறு கதை.

பாதிக்கப்பட்ட தரப்பு

இதுவரை மைக்ரோசாஃப்டைப் பெயருக்கு மட்டும் சொல்லிக்கொண்டு வந்தேன். ‘அலை’ அந்த நிறுவனத்தின் மாஸ்கோ அலுவலகத்திடம் உதவி கேட்டது. இவர்கள் எங்கள் வாடிக்கையாளர்கள், மென்பொருள் அசல்தான் என்று ஒரு கடிதம் வேண்டும், அவ்வளவுதான். உதவ அவர்களுக்கு மனமில்லை என்று ரிக்வானோவா பின்னாளில் குறைபட்டுக்கொண்டார். வேறு வழக்குகளில் நிறுவனத்தின் சார்பாக ஆஜரான உள்ளூர் வக்கீல்கள் போலீஸுக்குத் துணையாக வாக்குமூலம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நிறுவனம் அடக்குமுறைக்கு ஆசைப்பட்டது என்று நான் நினைக்கவில்லை. 87 சதவீதத் திருட்டு நடக்கும் நாட்டில் போலீஸ் நம் பொருளுக்காக ரெய்டு போகிறது என்றால், எந்த வீட்டுக்குப் போகிறது என்று கேட்க வியாபாரிக்கு என்ன அவசரம்? கேட்காமல் இருப்பதில்தான் லாபம். பொனோசொவ் விவகாரத்திலேயே ‘நாங்கள் போடவில்லை’ என்று ஒதுங்கிக்கொண்ட பழக்கம் அது. ஆனால் பாதிக்கப்பட்ட தரப்பு இல்லாமல் இந்த வழக்கு நகராது. நஷ்டம் என்று ஒருவர் சொன்னால்தான் 50,000 தாண்டும்.

2010 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் இர்குட்ஸ்க் சோதனையையும் அதுபோன்ற பலவற்றையும் விரிவாக எழுதியது. அதற்குப் பிறகு நடந்த வேகம் பார்க்கத் தக்கது. செப்டம்பர் 13 அன்று நிறுவனத்தின் தலைமைச் சட்ட அதிகாரி பிராட் ஸ்மித் பகிரங்கமாக ஓர் அறிக்கை வெளியிட்டார். அறிவுசார் சொத்துரிமையைச் சாக்காக வைத்து அரசியல் குரலை நசுக்குவதையும், யாரோ சொந்த ஆதாயம் தேடுவதையும் நாங்கள் வெறுக்கிறோம் என்றது அது. அந்த இரண்டாவது துண்டு எனக்குச் சுவாரசியமானது. மைக்ரோசாஃப்ட் பெயரைச் சொல்லி ரஷ்யாவில் காசு பறிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள் என்ற பேச்சு அமெரிக்கத் தலைமையகம் வரை எட்டியிருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. இதுவரை இந்த விவகாரத்தில் சம்பந்தப்படாத ஒரு வெளிநாட்டுச் சட்ட நிறுவனத்தை வைத்து விசாரிப்போம் என்றார். சோதனைக்கு ஆளாகும் அமைப்புகளுக்குச் சட்ட உதவி உண்டு என்றார்.

மூன்றாவது அறிவிப்புதான் கெட்டிக்காரத்தனம். ரஷ்யாவின் தன்னார்வ அமைப்புகள் அனைத்துக்கும் நாங்களாகவே ஒருதலையாக உரிமம் வழங்கிவிட்டோம். விண்ணப்பிக்க வேண்டாம், பணம் கட்ட வேண்டாம். தங்கள் கணினியில் இருக்கும் எங்கள் மென்பொருள் 2012 வரை சட்டபூர்வமானது. தன்னார்வ அமைப்புகளுக்கு இலவசமாகக் கொடுக்கும் திட்டம் முன்பே இருந்தது. ஆனால் அதற்கு எழுதிப் போட்டுக் காத்திருக்க வேண்டும். பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இந்தப் புது உரிமத்துக்கு யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஸ்டிக்கர் வெளுத்திருந்தால் வெளுத்துவிட்டுப் போகட்டும். ‘உரிமம் இல்லாமல்’ என்ற இரண்டு சொல் உருவப்பட்டதும் 146ஆம் பிரிவில் பிடித்துக்கொள்ள ஒன்றும் மிஞ்சவில்லை. அக்டோபரில் சீனா உட்பட வேறு பல நாடுகளின் அமைப்புகளுக்கும் இதை நீட்டித்தார்கள். இதே ஆபத்து எங்கெல்லாம் இருக்கிறது என்று நிறுவனமே மனத்துக்குள் ஒரு பட்டியல் வைத்திருந்ததுபோல இருந்தது அந்த நாடுகளின் வரிசை.

எனக்கு இதில் சந்தோஷமும் சங்கடமும் சேர்ந்தே வருகிறது. அரசியல் சாசனத்தின் 29ஆவது பிரிவால் முடியாததை ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் உரிமப் பத்திரம் செய்து முடித்தது. அப்படியானால் அதற்கு முந்தைய நாள் வரை அந்த அமைப்புகளின் பேச்சுரிமை எங்கே இருந்தது? ஒரு நிறுவனத்தின் விற்பனைப் பிரிவு எத்தனை அலட்சியமாக இருந்தது என்பதில் இருந்தது. செய்தித்தாள் எழுதியிராவிட்டால் அங்கேயே இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு

கையிலிருந்த கத்தி மழுங்கியதும் வேறு கத்தி வந்தது. 2012 ஜூலையில் ‘வெளிநாட்டு ஏஜென்ட்’ சட்டம் கையெழுத்தாயிற்று. வெளிநாட்டிலிருந்து ஒரு காசு வாங்கி ‘அரசியல் செயல்பாட்டில்’ ஈடுபடும் அமைப்பு தன்னை ஏஜென்ட் என்று பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றது அது. அரசியல் செயல்பாடு என்றால் என்ன என்பதை அமைச்சகம் சொல்லும். இதற்குக் கணினியும் வேண்டாம், விலைப்பட்டியலும் வேண்டாம், நஷ்டப்பட்ட தரப்பும் வேண்டாம். விண்டோஸ் வழக்கில் தேவைப்பட்ட வெளியாள் ஒருவரின் கையெழுத்து இதற்குத் தேவையே இல்லை.

அந்த ஆண்டு ஆகஸ்டில் ரஷ்யா உலக வர்த்தக அமைப்பில் உறுப்பினர் ஆனது. அதற்கு முந்தைய டிசம்பரில் 146ஆம் பிரிவின் வரம்பை 50,000 ரூபிளிலிருந்து ஒரு லட்சமாக உயர்த்தியிருந்தார்கள்.

பைக்கால்ஸ்க் ஆலை 2013இல் கடைசியாக மூடியது. ‘அலை’ சொன்ன காரணத்துக்காக இல்லை, கடனில் மூழ்கி. லிக்னின் சகதிக் குளங்கள் அதன் பிறகும் ஏரிக்கரையிலேயே கிடந்தன. 2015 நவம்பரில் நீதித் துறை அமைச்சகம் ‘பைக்கால் சூழலியல் அலை’யை வெளிநாட்டு ஏஜென்ட் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பட்டத்தோடு நடப்பதைவிடக் கலைத்துவிடுவதே மேல் என்று 2016இல் அமைப்பைக் கலைத்துவிட்டார்கள்.

2022 மார்ச்சில், உக்ரைன் போர் தொடங்கிய சில நாளில், மைக்ரோசாஃப்ட் ரஷ்யாவில் புதிய விற்பனையை நிறுத்தியது. மார்ச் 6 அன்று ரஷ்ய அரசு ஓர் ஆணை போட்டது. ‘நட்பில்லாத’ நாட்டுக்காரர்களின் காப்புரிமையை (பேட்டன்ட்) அரசு அனுமதியோடு பயன்படுத்தினால் தர வேண்டிய இழப்பீடு 0 சதவீதம். அதே நாட்களில் பொருளாதார அமைச்சகம் தயாரித்த திட்டத்தில் இன்னொரு யோசனையும் இருந்தது. தடை விதித்த நாடுகளின் மென்பொருளை உரிமம் இல்லாமல் பயன்படுத்துகிறவர்கள் மீது கிரிமினல் நடவடிக்கை வேண்டாம் என்பது அது. பில்லைக் காட்டியும் கணினிகளைப் பறிகொடுத்த அந்த இர்குட்ஸ்க் அமைப்பு இல்லாமல் போய் அப்போது ஆறு ஆண்டு ஆகியிருந்தது.